நாடாத் தடம்

ஜனவரி 4, ஞாயிறு

துணிக்கடை முதலாளி இந்த வருஷமும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். போன வருஷத்து டைரி மளிகைக் கணக்கிலும் பால் கணக்கிலும் போய்விட்டது. இந்த வருஷம் ஒழுங்காக எழுதிப் பார்ப்பது என்று இருக்கிறேன். எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லைதான். வசந்தாமணி, கிணற்று வீதி, ஈரோடு. வீட்டிலேயே இன்ஸ்கர்ட் தைக்கிறவள். நான் வெட்டித் தைப்பேன். பக்கத்து வீட்டு ஷம்ஷாத் நாடா கோர்த்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கட்டுவாள். இந்த ஊரில் பாதிப் பெண்களின் சேலை என் நாடாவில்தான் நிற்கிறது. நடுத்தெருவில் அவிழ்ந்து மானம் போனது என்று இதுவரை ஒருத்தியும் சண்டைக்கு வந்ததில்லை. எனக்கு அந்தப் பெருமை போதும்.

இன்று மெஷினுக்கு லீவு. இட்லி மாவு ஆட்டினேன். பாபின் பெட்டியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அவர் வேட்டியைத் துவைத்து வாசல் கொடியில் போட்டேன். வெயில் நன்றாக இருந்தது, மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது.

இடுப்பில் நாடாத் தடத்தில் மறுபடியும் எரிச்சல்.

ஜனவரி 7, புதன்

மெரூன் நூல் தீர்ந்து பாதி நாள் வீண். ராத்திரி தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து இடுப்பில் போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலையில் டீக்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கிவந்தேன். ரத்தினம் அண்ணன் தூக்கில் ஊற்றிக்கொண்டே, "ஏனம்மிணி, உங்கூட்டுக்காரர் வந்துட்டாப்லயா?" என்று கேட்டார். "விடியக்காலைல வந்தாருங்ணா. அசதில தூங்கறாரு" என்றேன். "தூங்கட்டும், தூங்கட்டும். லைன் லாரிப் பொழப்புன்னா சும்மாவா?" என்று சொல்லி இரண்டு வடையும் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நல்ல மனுஷன்.

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் அக்கா கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். அவரும் கேட்டார். சாயங்காலமே அஸ்ஸாம் லோடு ஏத்தணுமாம் என்று சொன்னேன். "நோம்பி நாளுங்கூட உடமாட்டாங்களா?" என்று அங்கலாய்த்தார்.

இரண்டாவது டீ ஆறிவிட்டது. செம்பருத்திக்கு ஊற்றினேன்.

வாசலில் சேலை கட்டிக் கோலம் போட்டதில் நாடா நன்றாக அழுத்திவிட்டது. இடுப்பைச் சுற்றிக் கறுப்புத் தடம் எனக்கு ரொம்ப காலமாக உண்டு. எந்தப் பொம்பளைக்குத்தான் இல்லை? முடிச்சு விழுகிற வலது பக்கத்தில்தான் அந்தப் புண். போன பொங்கலுக்கு மிளகு அளவு இருந்தது. இப்போது சட்டைப் பொத்தான் அளவு. ஓரம் தடித்து, தொட்டால் நீர் கசிகிறது. முடிச்சை இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். நாடாவுக்கு என்ன, எந்தப் பக்கம் முடிந்தாலும் நிற்கும்.

ஜனவரி 22, வியாழன்

எனக்கென்று ஒரு பாவாடை தைத்தேன். நாடா வைக்காமல் நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்து, முன்னால் கொக்கி. தைத்த கையோடு மற்றதோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். ஷம்ஷாத் கண்ணில் பட்டுவிட்டது.

"இது யாருக்குக்கா?"

"கடையில சாம்பிள் கேட்டாங்க."

"உங்க இடுப்பளவுக்கா கேட்டாங்க?"

அவளுக்கு என் இடுப்பளவு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் பாவாடை மடிக்கிறவளுக்குத் தெருவில் போகிற எவள் இடுப்பும் தெரியும்.

பிறகு, "வீட்டுல எந்நேரமும் நைட்டியே போட்டுக்கறீங்க, ஏனுக்கா?" என்றாள்.

"வெக்கை."

"தை மாசத்துலயா?"

இவள் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள். நாடா கோர்க்க வந்துவிட்டாள்.

ஜனவரி 30, வெள்ளி

பட்டிப் பாவாடையிலும் கறை. வெந்நீரில் ஊறவைத்தேன். லேசாக வாடை வருகிறது. ஊதுபத்தி ஏற்றி வைத்துத் தைத்தேன். ஷம்ஷாத் மூக்கை உறிஞ்சினாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஷம்ஷாத் என்னைக் கடத்திக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ரேஷன் கடைக்கு என்று கூப்பிட்டாள். போய் நின்ற இடம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். பெண்களுக்கு இலவசப் பரிசோதனை முகாமாம். திரும்பலாம் என்று பார்த்தால் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு முன்னாலேயே டாக்டரம்மாவிடம், "இவங்களுக்கு இடுப்புல என்னமோ இருக்குங்க. சொல்ல மாட்டேங்கறாங்க" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் இந்துமதி. அரசு ஆஸ்பத்திரியில் வேலையாம். சின்னப் பெண், சுடிதார் போட்டிருந்தாள். திரைக்குப் பின்னால் போய்ப் பாவாடையைத் தளர்த்தும்போது கூச்சத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. புருஷனைத் தவிர ஒருத்தரும் பார்த்ததில்லை அந்த இடத்தை. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு புண்ணைச் சுற்றிலும் தொட்டுப் பார்த்தாள். பிறகு தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"எத்தன நாளா இருக்கும்மா?"

"கொஞ்ச நாளாங்."

"கொஞ்ச நாள்னா?"

"ரெண்டு பொங்கலா."

"யாருகிட்டயும் காட்டலையா?"

"புண்ணுதானுங்களே. நாடா அழுத்தி அழுத்தி வந்தது. ஆறிடும்னு இருந்தேன்."

"நாடா அழுத்தி வந்ததுதான்மா. வருஷக்கணக்கா ஒரே இடத்துல இறுக்கி, தோலு புண்ணாகி, ஆறிப் புண்ணாகி, இப்படி மாறிடறது உண்டு. டெஸ்ட் பண்ணாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை கட்டாயம் வாங்க. வீட்டுல யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரர் இருக்காருங். லாரி ஓட்டறார்."

ஷம்ஷாத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் அவளோடு பேசவில்லை. ரேஷன் கடையும் மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஊசி போட்டு மரக்கவைத்து ஒரு துண்டு சதை எடுத்தார்கள். வலி இல்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அது பழகின சத்தம்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அவர் வேட்டியைத் துவைத்துப் போட்டேன். நீலம் கொஞ்சம் கூடிவிட்டது, இன்னொரு தடவை அலசினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

தோல் புற்று.

டாக்டர் இந்துமதி மூடி மறைக்காமல் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. சுற்றிலும் நல்ல சதை வரைக்கும் அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுப் போட வேண்டுமாம். இடுக்கில் கட்டி தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் பரவினதாகத் தெரியவில்லை. "இப்ப எடுத்தா நல்லாகிடுவீங்க. தள்ளிப்போட்டா நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

அந்த ஒட்டு வேலைக்கு இங்கே ஆள் இல்லையாம். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே செலவில்லை, ஆனால் வரிசை நீளம், கூட ஒரு ஆளும் தங்க வேண்டும் என்றாள். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஈரோட்டிலேயே ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே செய்துவிடலாம். "அட்டை இருக்காம்மா?" என்றாள். இல்லை. எங்கள் வீதியில் எல்லாரும் வரிசையில் நின்று எடுத்தபோது நான் போகவில்லை. எனக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அட்டை இல்லாமல் பணம் கட்டினால் எவ்வளவு என்று அந்த ஆஸ்பத்திரியில் ஷம்ஷாத் விசாரித்து வந்தாள். என் மெஷினை விற்று, என்னையும் கூடச் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை தேறாது.

வந்து இரவுக்கு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

சாக எனக்கு இஷ்டமில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று தெரிகிறது.

பிப்ரவரி 16, திங்கள்

இ-சேவை மையம். கவுண்டரில் இருந்த பெண் கெட்டிக்காரி, பொறுமைசாலியும்கூட. ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"குடும்பத் தலைவர் சென்னியப்பன். அவர் வந்து கைரேகை வெக்கணுங்க்கா."

"அவரு அஸ்ஸாம் லோடு போயிருக்காருங்."

"எப்ப வருவாரு?"

"வந்துருவாரு."

"வந்ததும் கூட்டிட்டு வாங்க. இல்ல, இறந்துட்டாருன்னா இறப்புச் சான்று வேணும்." என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "இல்லீனா, விட்டுட்டுப் போயிட்டாருன்னாலும் அதுக்கு ஒரு சான்று இருக்குங்க்கா. எழுதிக் குடுத்தீங்கன்னா வி.ஏ.ஓ. உங்க வீதிக்கே வந்து நாலு பேரை விசாரிச்சுட்டுக் குடுப்பாரு. அத வெச்சு உங்க பேர்ல தனிக் கார்டு போட்டு, காப்பீடும் வாங்கிக்கலாம்" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு? அவரு வந்துருவாருங்" என்றேன்.

ஷம்ஷாத் இரண்டடி தள்ளி நின்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ரொம்ப நேரம் படித்தாள்.

பிப்ரவரி 18, புதன்

சங்ககிரியில் அவருடைய தங்கை இருக்கிறாள். கூப்பிட்டு அவர் நம்பர் கேட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பரைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை.

அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் குழந்தை எடுத்தது. "அப்பா குளிக்கறாங்க, நீங்க யாருங்க?" என்றது. மரியாதை தெரிந்த குழந்தை. ராங் நம்பர் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பச்சைக் கலர் லாட் முடிந்தது. நாளைக்கு நீலம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரம்ஜான் நோன்பு ஆரம்பித்துவிட்டது. ஷம்ஷாத் பட்டினியோடு வந்து நாடா கோர்க்கிறாள், சாயங்காலம் எனக்கும் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி கொண்டுவருகிறாள். இன்று கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள்.

"என்னக்கா முடிவு பண்ணுனீங்க?"

"வீட்டுக்காரர் வரட்டும்னு பாக்கறேன்."

"மச்சானுக்காக நீங்க காத்திருப்பீங்க. புண்ணு காத்திருக்குமா?"

"சத்தம் போடாத. தெருவுல கேக்கும்."

"கேக்கட்டுமே!" என்றாள். அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எங்கம்மா மார்ல கட்டிய வெச்சுக்கிட்டு, யாருக்கும் காட்ட மாட்டேன்னு முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டே போய்ச் சேந்தாங்க. மானத்தக் காப்பாத்திட்டாங்க. நாங்கதான் அம்மா இல்லாம வளந்தோம். நீங்க போய்ட்டா நான் யாருக்குக்கா நாடா கோக்கறது?"

நான் கஞ்சியைக் குடித்தேன். அவளும் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். போகும்போது, மச்சான் எப்ப வர்றார் என்று கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் கேட்கிறவள்.

எனக்குப் புற்று என்று சொன்னபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. இந்த வீதியில் நின்று அவரைப் பற்றி என் வாயால் சொல்ல வேண்டுமே. இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். பொட்டும் பூவுமாகக் கல்யாண வீட்டில் முன்வரிசையில் நின்று ஆரத்தி எடுத்திருக்கிறேன். பொய்க்காரி என்று காறித் துப்பினால்?

பிப்ரவரி 23, திங்கள்

இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் அவசரம் என்று ஒரு கடிதம் தந்தாள், அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நீலக் கலரில் பாதியைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணி வாக்கில் வி.ஏ.ஓ. வந்தார். நடுத்தர வயது, மெல்லப் பேசுகிறவர். வீட்டுக்குள்ளே வந்து உட்காரச் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று. "தப்பா நெனக்காதீங்கம்மா, வெளியவே விசாரிச்சாத்தான் முறை" என்று ரத்தினம் அண்ணன் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். வி.ஏ.ஓ. வந்தால் வீதி சும்மா இருக்குமா? தெய்வாத்தாள் அக்கா வந்தார். இட்லிக் கடைக்காரி வந்தாள். இஸ்திரி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். ஷம்ஷாத் என் பின்னால் வந்து நின்றாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் வி.ஏ.ஓ.

யாரையும் பார்க்காமல் பாய்லரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் லாரில இல்லீங். என்னைய உட்டுட்டுப் போயிப் பதினெட்டு வருஷமாச்சுங். திருச்செங்கோட்டுப் பக்கம் வேற குடும்பத்தோட இருக்காருங். இந்த வீதில எல்லார்த்துகிட்டயும் நான் பொய் சொல்லியிருக்கேனுங்."

அய்யோ என்பார்கள், அடிப்பாவி என்பார்கள் என்று இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பாய்லர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

ரத்தினம் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்கீங் கையெழுத்துப் போடோணும்?" என்றார்.

வி.ஏ.ஓ. நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங். வீதிக்கே தெரியுமுங்."

"எப்படித் தெரியும்? இவங்க யாருகிட்டயும் சொல்லலைங்கறாங்க."

ரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். "கொடில காயற வேட்டியப் பாத்தாத் தெரியாதுங்களா? வாரம் தவறாம காயுது. லாரிக்காரன் வேட்டி எங்கீங் அப்புடி வெள்ள வெளேர்னு இருக்கும்? ஒரு கிரீஸ் கற இல்ல, ஒரு வெத்தலக் கற இல்ல. கட்டுன வேட்டின்னா முட்டிகிட்டக் கசங்காதுங்களா? நான் டீ ஆத்தறவன், என்ற வேட்டியப் பாருங்." தன் வேட்டியைப் பிரித்துக் காட்டினார். உலக வரைபடம் மாதிரி இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். மறைத்ததோடு நிற்காமல் அதைத் துவைத்து, நீலம் போட்டு, வாசலில் வேறு காயவைத்திருக்கிறேன்.

"எத்தன வருஷம்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று வி.ஏ.ஓ. கேட்டார். "அவன் உட்டுட்டுப் போன அதே வருஷந்தானுங் எங்க கெணத்த மூடுனம், பதினெட்டு வருஷமுங்" என்றார் தெய்வாத்தாள் அக்கா. அவரும் கையெழுத்துப் போட்டார். இட்லிக் கடைக்காரி கைநாட்டு வைத்தாள். இஸ்திரிக்காரர் போட்டார். கேட்காமலே இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள், போதும் போதும் என்று வி.ஏ.ஓ. தடுக்க வேண்டியதாகிவிட்டது.

எல்லாருக்கும் ரத்தினம் அண்ணன் டீ கொடுத்தார். ஷம்ஷாத்துக்கு நோன்பு. நானும் குடிக்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 28, சனி

கோபம் கோபமாக வருகிறது. பதினெட்டு வருஷமாக என்னைக் கூத்தாடவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். எப்ப வர்றாப்ல, எங்க லோடு, குளிருக்குக் கம்பளி கொடுத்தனுப்பினாயா என்று எத்தனை கேள்வி! அஸ்ஸாமில் மழையா என்று கேட்பார் இஸ்திரிக்காரர். நானும் அறிவில்லாமல் அதற்காகவே ரேடியோவில் வானிலை கேட்டுவிட்டுப் போய்ப் பதில் சொல்லுவேன்.

மத்தியானம் தெய்வாத்தாள் அக்கா கதவைத் தட்டித் தட்டித் திறக்கவைத்தார். நன்றாகக் கேட்டுவிட்டேன். தெரிந்துகொண்டே எதற்குக் கேட்டீர்கள், என்னைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "கேக்காட்டி உனக்கு வருத்தமா இருக்குமேன்னுதான் புள்ள கேட்டோம்" என்றார். "மொத வருஷம் ஒரு பொங்கலுக்கு நாங்க யாரும் கேக்கல. அன்னிக்குப் பூரா நீ வாசலுக்கே வரல. அதுக்கப்பறம் ரத்தினந்தான் சொன்னான், கேட்டுப்போடுங்க, அம்மிணி மொகம் வாடுதுன்னு."

அவர் போன பிறகு நன்றாக அழுதேன். இடுப்பு வலித்தது. அப்புறமும் அழுதேன்.

மார்ச் 16, திங்கள்

காப்பீட்டு அட்டை வந்துவிட்டது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் வசந்தாமணி என்று இருக்கிறது. குடும்ப உறுப்பினர் என்ற இடத்திலும் அவள்தான். புதன்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 18, புதன்

ஆஸ்பத்திரி. சுத்தமாக இருக்கிறது, மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. சம்மதக் காகிதத்தில் கணவர் கையெழுத்து என்று நர்ஸ் ஒரு இடத்தைக் காட்டினாள். "அவர் இல்லீங். நானே போடறேன்" என்றேன். சரி என்று பேனாவைக் கொடுத்துவிட்டாள். இவ்வளவுதானா?

உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். வளையல், ஊக்கு, தாலி எல்லாவற்றையும் கழற்றி ஷம்ஷாத்திடம் கொடுத்தேன். கர்ச்சீப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அங்கே செருகாதே என்று அதட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று.

மார்ச் 21, சனி

குப்புறவும் இல்லை, மல்லாக்கவும் இல்லை, ஒருக்களித்தே கிடக்கிறேன். தோல் எடுத்த தொடைதான் புண்ணை விட அதிகம் எரிகிறது. இன்று ஷம்ஷாத்துக்குப் பெருநாள். புதுச் சேலையோடு நேராக இங்கே வந்துவிட்டாள், டிபன் கேரியரில் பிரியாணி. நர்ஸ் முறைத்தாள், அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்த பிறகு முறைக்கவில்லை. எனக்கு இரண்டு வாய்தான் கொடுத்தாள். பாவி, கணக்கு வைத்து ஊட்டினாள்.

ரத்தினம் அண்ணனும் தெய்வாத்தாள் அக்காவும் வந்தார்கள். பேசிக்கொண்டே இருந்துவிட்டு நடுவில் சட்டென்று மூவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. வழக்கமாகக் கேட்கிற கேள்வி இல்லாமல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு வழியாக மழையைப் பற்றிப் பேசினோம். அஸ்ஸாம் மழை இல்லை, ஈரோட்டு மழை.

மார்ச் 28, சனி

வீடு. ஒரு மாசத்துக்கு மெஷின் மிதிக்கக் கூடாது. என் மெஷினில் ஷம்ஷாத் தைக்கிறாள். பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சத்தத்திலேயே தெரிகிறது, தையல் கோணல்.

தாலியைத் திருப்பிக் கொடுத்தாள். அரிசி டப்பாவில் போட்டுவைத்தேன். தங்கம் விற்கிற விலைக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் எந்தப் பக்கமும் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் இந்துமதி போனில் அவளே சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், சாகிற வரைக்கும் இறுக்கி நாடா கட்டக் கூடாது. "மெத்துனு இருக்கற பழைய பருத்தித் துணியில அகலமாப் பட்டி வெச்சுத் தளர்வாக் கட்டுங்கம்மா" என்றாள். தையல்காரிக்கே பாவாடை தைக்கச் சொல்லித் தருகிறாள். கேட்டுக்கொண்டேன்.

பழைய பருத்தித் துணிக்கு எங்கே போவது என்று பீரோவைக் குடைந்தேன். சேலை எல்லாம் பாலியெஸ்டர். தலையணை உறை கிழிசல். அடித்தட்டில் வேட்டி இருந்தது. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் வாரா வாரம் துவைத்த துணி, வெண்ணெய் மாதிரி இருக்கிறது. யாரும் உடுத்தாததால் எங்கும் ஒரு பொத்தல் இல்லை.

கத்தரிக்கோலை எடுத்தேன். கரையை ஒதுக்கி, ஆறு விரல் அகலத்துக்கு நீளவாட்டில் கிழித்தேன். நல்ல துணி நேராகக் கிழியும் என்பார்கள். நூல் பிசகாமல் கிழிந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஷம்ஷாத்தைக் கதவைச் சாத்தச் சொல்லி, இடுப்பைக் காட்டு என்றேன். "சீ, போங்கக்கா" என்றாள். கேரியர் பிரியாணியில் எனக்கு இரண்டு வாய் ஊட்டியவள் என்னிடம் வெட்கப்படுகிறாள். விடவில்லை. கறுப்புத் தடம் இருக்கிறது, புண் இல்லை. வேட்டிப் பட்டி வைத்து அவளுக்கு ஒன்றும் எனக்கு இரண்டும் வெட்டிவைத்திருந்தேன். நான் சொல்லச் சொல்ல அவளே தைத்தாள். இந்தத் தடவை கோணல் குறைவு. துவைத்து வாசல் கொடியில் போட்டோம்.

சாயங்காலம் மெல்ல நடந்து டீக்கடை வரைக்கும் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார முடியாது என்று நின்றேன். ரத்தினம் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏனம்மிணி, உங்கூட்டுக்காரர் எப்ப..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கையில் டீ தளும்பி வேட்டியில் கொட்டியது.

"வரமாட்டாருங்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, புகை என்றார். பிறகு தூக்கை வாங்கிக்கொண்டு, "அப்ப ஒரு டீ போதுமா அம்மிணி?" என்று கேட்டார்.

"ரெண்டே ஊத்துங்ணா. ஷம்ஷாத் வீட்டுல இருக்கறா."